பாடகர் இல்லாத ஃபங்க் கச்சேரி: நேரில் கேட்டவர்கள் சொல்கிறோம்

ஏற்காட்டிலிருந்து:

கோடை விழாவின் கூட்டம் குறைந்த பிறகு, இங்கே ஏரிக்கு மேலே உள்ள ஒரு விடுதியின் புல்வெளியில், பெங்களூரிலிருந்து வந்திருந்த நால்வர் குழுவின் ஃபங்க் கச்சேரியைக் கேட்டேன். ஃபங்க் என்பது தாளத்தை முன்னிறுத்தும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. டிரம்ஸ், பேஸ் கிட்டார், கிட்டார், ஆர்கன் ஒலியில் கீபோர்டு. பாடுவதற்கு யாரும் இல்லை. மேடைக்கு வெளியே எதையும் பதிவு செய்து வெளியிடுவதில் அவர்களுக்கு நாட்டமில்லை என்று தொடக்கத்திலேயே சொன்னார்கள்.

முதலில் வாசித்தது நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மீட்டர்ஸ் குழு 1969-இல் வெளியிட்ட 'சிஸ்ஸி ஸ்ட்ரட்'. ஆர்ட் நெவில் ஆர்கனும், லியோ நொசென்டெல்லி கிட்டாரும், ஜார்ஜ் போர்ட்டர் பேஸும், ஸிகபூ மோடலிஸ்ட் டிரம்ஸும் வாசித்த அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம். ஆனாலும், கிட்டாரும் பேஸும் ஒரே வரியைச் சேர்ந்து வாசித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தும் அந்தச் சிறு இடைவெளியில் உடம்பு தானாக முன்னே சாய்வதை நேரில்தான் உணர்ந்தேன். தாளச் சுற்றின் முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக வந்து விழ வேண்டும் என்று ஃபங்க் இசையின் முன்னோடிப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தம் குழுவினரிடம் வலியுறுத்தினார். அவரிடம் டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட், பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேர் என்னும் சிறு டிரம்மின் மீது மிக மெல்லிய தட்டல்களை நிரப்பினார். அந்த வகைத் தட்டல்களை நான் முன்வரிசையில் அமர்ந்திருந்ததால் தெளிவாகக் கேட்க முடிந்தது.

நடுவில் மின்சாரம் நின்றது. மற்ற மூவரின் ஒலியும் அடங்கிவிட, டிரம்ஸ் வாசித்தவர் தாளத்தை விடாமல் தனியாகவே நடத்திச் சென்றார். கேட்டவர்கள் கைதட்டத் தொடங்கியதும், அவர் தம் கையைத் தணித்து அந்தத் தட்டலுக்கு இடம் கொடுத்தார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பின்னும் மூவரும் அவசரப்படவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, இரண்டு சுற்றுகள் காத்திருந்து, முதல் அடியில் சேர்ந்து இறங்கினார்கள். அப்போது எழுந்த ஆரவாரம் எந்தப் பாட்டுக்கும் எழுந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

சேலம், குகையிலிருந்து:

நான் கோயில் திருவிழா மேடைகளில் ஆர்கெஸ்ட்ராவுக்கு டிரம்ஸ் வாசிப்பவன். ஓர் ஆடி மாதத்தில், பாடகர் வந்து சேரத் தாமதமானதால், பேஸ் வாசிப்பவரும் நானும் கீபோர்டு அண்ணனும் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டை) வைத்துக்கொண்டு வெகுநேரம் வாசித்தோம். முன்னால் இருந்த பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். அவர்கள் கால் எங்கே விழுகிறதோ அங்கே காலால் மிதித்து அடிக்கும் என் கிக் டிரம்மின் அடியும் விழத் தொடங்கியது. பம்பைக்காரர்கள் சாமியாடுபவரின் காலைப் பார்த்தே வேகத்தைக் கூட்டுவதைச் சிறுவயது முதல் பார்த்திருந்தும், அதை என் கையால் செய்தது அன்றுதான்.

மைக்கேல் லீக் 2004-இல் டெக்சாஸில் தொடங்கிய, பெரும்பாலும் பாட்டில்லாமல் வாசிக்கும் ஸ்னார்க்கி பப்பி குழு, தன் தொகுப்புகள் பலவற்றை ஸ்டுடியோவுக்குள் ரசிகர்களை உட்காரவைத்து, அவர்களுக்கும் ஹெட்ஃபோன் கொடுத்து, நேரடியாகவே பதிவு செய்திருக்கிறது. அதன் காரணம் எனக்கு அந்தத் திருவிழா மேடையில் விளங்கியது. இப்போது பாடகர் நேரத்துக்கு வந்துவிட்டாலும், எங்கள் குழு பாட்டில்லாமல்தான் கச்சேரியைத் தொடங்குகிறது.