புதிய சக்கிமுக்கித் துப்பாக்கி: 50 கெஜத்தில் குண்டுகள் சிதறுகின்றன, மருந்தை எவ்வளவு வைப்பது?

கேட்டவர் (ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா)

வணக்கம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் மாநிலத்தில் சக்கிமுக்கித் துப்பாக்கிகளுக்கான மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. இந்த ஆண்டுதான் முதன்முறையாகப் போகிறேன். அதற்காகப் புதிதாக ஒரு துப்பாக்கி வாங்கினேன். 0.50 கேலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), குழலின் உட்புரி, அதாவது உள்ளே சுழன்று செல்லும் பள்ளங்கள், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 0.490 அங்குல ஈயக்குண்டு, குண்டைச் சுற்றக் கடையில் வெட்டியே விற்கும் 0.010 அங்குலத் துணி வில்லை, இரண்டு எஃப் (நடுத்தரத் துகள்) கரிமருந்து. துணிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.

பெஞ்சில் மணல் மூட்டை வைத்து, 50 கெஜத்தில் ஒவ்வோர் அளவுக்கும் ஐந்து முறை சுட்டேன். 60 கிரெயினுக்கு (மருந்தை அளக்கும் சிறு அலகு) ஏழு அங்குலச் சிதறல். 70-க்கு ஆறரை. 80-க்கு எட்டு. 90-க்கு அதைவிட மோசம். முதல் இரண்டு குண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன. மூன்றாவதிலிருந்து திசை தப்புகிறது. நான்காவது குண்டைத் திணிகோலால் இறக்கவே உடம்பின் பலம் முழுவதும் தேவைப்படுகிறது. இப்படிச் சுடுகிறவன் ஓர் உயிரைக் குறிவைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். 85-ஐயும் 95-ஐயும் சோதித்துப் பார்க்கலாமா? எந்த அளவு சரி?

முதல் பதில் (லங்காஸ்டர், பென்சில்வேனியா)

தம்பி, மருந்தை ஏற்றுவதை நிறுத்துங்கள். குழல் தயாரித்தவரின் கையேட்டில் அதிகபட்ச அளவு போட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு கிரெயின்கூட வேண்டாம். அளவை எப்படி மாற்றினாலும் சிதறல் அப்படியே இருக்கிறது என்றால் கோளாறு மருந்தில் இல்லை.

ஒன்று சொல்லுங்கள்: சுட்ட பிறகு அந்தத் துணி வில்லைகளை எடுத்துப் பார்த்தீர்களா? குழல்வாயிலிருந்து பத்துப் பதினைந்து கெஜத்துக்குள் கிடக்கும். எல்லோரும் சுடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு போய்ப் பொறுக்குங்கள். சருகு உள்ள இடமானால் உடனே தேடுங்கள்; சில வில்லைகள் புகைந்துகொண்டே கிடக்கும்.

குண்டு உட்புரியைத் தொடுவதே இல்லை. துணிதான் புரியைப் பிடித்துக் குண்டைச் சுழற்றுகிறது. பின்னாலிருந்து வரும் நெருப்பைத் தடுப்பதும் அதுதான். உங்கள் கணக்கைப் பாருங்கள். குண்டு 0.490, இருபுறமும் துணி 0.020, மொத்தம் 0.510. குழலில் பள்ளங்களுக்கு இடையே உள்ள மேடுகளை அளந்தால் மேட்டுக்கு மேடு 0.500 அங்குலம். பள்ளம் பக்கத்துக்கு 0.010 ஆழம் என்று வைத்துக்கொண்டால் பள்ளத்துக்குப் பள்ளம் 0.520. அந்தப் பள்ளத்தின் அடிவரை உங்கள் துணி எட்டவில்லை. சந்து வழியே நெருப்பு முன்னால் ஓடுகிறது.

கேட்டவர்

அண்ணா, இன்று மாலை போய் ஆறு வில்லைகளைப் பொறுக்கி வந்து மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். ஒன்றுகூட முழுதாக இல்லை. நடுவில் ஐந்து பைசா அளவுக்கு ஓட்டை, ஓட்டையின் விளிம்பு கருகிப் பொடியாக உதிர்கிறது. இரண்டு வில்லைகள் வெறும் நூலாகத்தான் கிடைத்தன.

முதல் பதில் தந்தவர்

அதுதான் விடை. துணிக்கடையில் தலையணை உறை தைக்கும் கெட்டியான பருத்தித் துணியை வாங்குங்கள். அழுத்திப் பிடித்து அளந்தால் 0.018 அங்குலம் வர வேண்டும். செயற்கை நூல் கலந்ததை வாங்கிவிடாதீர்கள், அது உருகிக் குழலில் ஒட்டும். ஒரு முறை வெந்நீரில் அலசிக் கஞ்சியைப் போக்கிய பிறகு வெட்டுங்கள்.

இரண்டாம் பதில் (இண்டியானா)

துணியைப் பற்றி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. நான் எண்ணெயைப் பற்றிச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். டிசம்பர் காட்டில் உங்கள் பையில் இருப்பது வெள்ளை மெழுகாகத்தான் இருக்கும். தேன்மெழுகையும் ஆலிவ் எண்ணெயையும் சேர்த்து உருக்கி, விரலில் எடுத்தால் மிருதுவாகப் பூசும் பதத்துக்கு எண்ணெயைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோலிய கிரீஸ் மட்டும் வேண்டாம். கரிமருந்தின் கசடோடு சேர்ந்து தார் போல இறுகிவிடும். புதுக் குழலில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பும் எண்ணெயையும் முழுவதும் துடைத்துவிட்டீர்களா?

நான்காவது குண்டு இறங்காததற்குக் காரணம் கசடு. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகத்தான் மிஞ்சுகிறது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் லேசாக ஈரம் செய்த துணியை ஒரே ஒரு முறை மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள், பிறகு காய்ந்த துணி. மேலும் கீழும் தேய்த்தால் கசடு அடியில் போய்ச் சேர்ந்து, வெளியிலிருந்து நெருப்பு உள்ளே போகும் தீத்துளையை அடைத்துக்கொள்ளும். துடைத்ததும் மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிடுங்கள்.

குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்ததும் திணிகோலில் குழல்வாய் மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு மேலே நின்றால் குண்டு பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் சுட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும். மருந்தின் அளவை மாற்றினால் கோட்டையும் மாற்றுங்கள். மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள். எப்போதும் அளவைக் குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். உள்ளே ஒரு பொறி மிஞ்சியிருந்தால் கொம்பு முழுவதும் உங்கள் கையில் வெடிக்கும். இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையற்ற மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் இதில் போடக் கூடாது.

கேட்டவர் (ஒரு வாரம் கழித்து)

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. புதுத் துணி, தேன்மெழுகுக் கலவை, ஒவ்வொரு முறையும் துடைத்தல் எல்லாம் செய்தேன். 70 கிரெயினுக்குச் சிதறல் நான்கு அங்குலமாகக் குறைந்துவிட்டது. ஐந்தாவது குண்டும் முதல் குண்டைப் போலவே இறங்குகிறது. வில்லைகளின் நடுவில் ஓட்டை இல்லை. ஆனால் வேறொன்று: கரிய வட்டத்தைச் சுற்றி, பிளேடால் கீறியது போலச் சின்னச் சின்ன வெட்டுகள், ஒரே சீரான இடைவெளியில். கருகல் இல்லை. சுத்தமான வெட்டு.

முதல் பதில் தந்தவர்

எத்தனை வெட்டுகள் என்று எண்ணுங்கள். உட்புரியின் மேடுகள் எத்தனையோ அத்தனை இருக்கும். புதுக் குழலில் இது அடிக்கடி நடப்பது. கடைசல் கருவி விட்டுப்போன கூர் இன்னும் மழுங்கவில்லை. வெட்டுவது குழல்வாயா என்று முதலில் பாருங்கள். மருந்தில்லாத வெறுங்குழலில், துணி சுற்றிய குண்டை வாய்க்குக் கீழே ஓர் இழை மட்டும் தட்டி இறக்கி, துணியின் ஓரங்களைப் பிடித்து வெளியே இழுங்கள். சுடாமலே துணி வெட்டுப்பட்டிருந்தால் குற்றவாளி குழல்வாய்தான்.

அப்படியானால் 320 எண் உப்புத்தாளை ஈரமாக்கி, குழல்வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றுங்கள். தூள் உள்ளே போகாமல் முதலில் ஒரு துணியை அடைத்துவிடுங்கள். துப்பாக்கியை அவ்வப்போது கால் சுற்றுத் திருப்பிக்கொண்டால் ஒருபக்கமாகத் தேயாது. சில நிமிட வேலை. கூர் போய் வழவழப்பு வந்ததும் நிறுத்துங்கள்.

எங்கள் ஊரில் பதினெட்டாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் செய்த நீளத் துப்பாக்கிகளை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது குழல்வாயைத்தான்.

கேட்டவர் (ஞாயிறு இரவு)

எண்ணினேன்: ஏழு மேடு, ஏழு வெட்டு. சுடாமல் இழுத்த துணியிலும் அதே ஏழு. உப்புத்தாளால் தேய்த்து, விரல் நுனி வழுக்கும் வரை விடவில்லை. இன்று 70 கிரெயினில் ஐந்து குண்டுகள்: இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். நம்ப முடியாமல் இன்னும் ஐந்து சுட்டேன், அதே இரண்டு. 65-க்கும் 75-க்கும் சிறிது அகலமாகின்றன. வில்லைகளை எடுத்துப் பார்த்தேன். நடுவில் கரிய வட்டம், ஓரத்தில் கொஞ்சம் பிசிறு, மற்றபடி துவைத்தால் மறுபடி பயன்படும் போல இருக்கின்றன.

இவை தவிர, ஒரே ஒரு குண்டு மட்டும் மூன்று அங்குலம் இடதுபுறம் போனது. அந்த முறை, தீத்துளைக்கு வெளியே உள்ள கிண்ணியில் வைத்த மருந்து தீப்பற்றியதற்கும் குழல் வெடித்ததற்கும் இடையே நன்றாகத் தெரியும் தாமதம்.

இரண்டாம் பதில் தந்தவர்

கிண்ணி மருந்து தீத்துளையை மூடியிருந்திருக்கும். துளையை மூடினால் அது திரி போல மெதுவாக எரிந்து உள்ளே போகும். மூடாவிட்டால் சுடர் ஒரே பாய்ச்சலில் போய்விடும். கிண்ணியில் பாதி அளவுக்குக் குறைவாகவே போதும். சக்கிமுக்கிக் கல்லின் விளிம்பையும் பாருங்கள், மழுங்கியிருந்தால் தட்டிக் கூராக்குங்கள். விசையை இழுத்த பிறகும், புகை விலகும் வரை கண்ணைக் குறியிலிருந்து எடுக்காதீர்கள்.

கேட்டவர்

கல் மழுங்கித்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். 70 கிரெயின் கோட்டைத் திணிகோலில் கத்தியால் அழுத்திப் பதித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பெஞ்சு இல்லாமல், நின்றபடி சுட்டுப் பழகப் போகிறேன்.