புதுப்பிப்பு: தவக்காலத்தில் ஆர்கன், பாஸ்கா தொடர்பாடல்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் ஆர்கனை எப்போது வாசிக்கலாம் என்று எங்கள் கொடைக்கானல் கத்தோலிக்கப் பங்கின் பாடகர் குழுவுக்காக முன்பு கேட்டிருந்தேன். அறவே கூடாது என்று சிலரும், பாடலுக்குத் துணையாக வாசிக்கலாம் என்று சிலரும் எழுதியிருந்தீர்கள். திருப்பலியை நடத்தும் முறையைக் கூறும் வழிகாட்டியான ‘திருப்பலி நூலின் பொதுப் போதனை’யில் 313ஆம் எண் இதைத் தெளிவாக்குகிறது: தவக்காலத்தில் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஆர்கன் ஒலிக்கலாம்; ஆனால் நான்காம் ஞாயிறும், பெருவிழாக்களும், விழாக்களும் இதற்கு விதிவிலக்கு.

ஆகவே மார்ச் 19 சூசையப்பர் பெருவிழாவிலும், மார்ச் 25 ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்புப் பெருவிழாவிலும் தனி இசையாகவே வாசிக்கலாம். அந்நாள்களில் ‘உன்னதங்களிலே கடவுளுக்கு மாட்சிமை’ என்னும் வானவர் கீதமும் உண்டு. அல்லேலூயா மட்டும் இல்லை. மார்ச் 25 புனித வாரத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில்) விழுந்தால் பெருவிழா பாஸ்காவின் (ஈஸ்டர் காலத்தின்) இரண்டாம் ஞாயிற்றுக்கு அடுத்த திங்களுக்குத் தள்ளிப்போகும். 2024இல் அது ஏப்ரல் 8 அன்று கொண்டாடப்பட்டது.

பெரிய வியாழன் வானவர் கீதத்தில் மணிகளோடு முழங்கும் ஆர்கன், அதன்பின் ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதம் வரை தனித்து ஒலிப்பதில்லை. இந்த இடைவெளியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் துணையில்லாமல் பாடும்போதுதான் குழுவினர் ஒருவர் குரலை ஒருவர் உண்மையாகக் கேட்கிறார்கள். எனவே பெரிய வெள்ளியன்று நான்கு குரல் பாடல்களை இசைக்கருவியின்றியே பாடப் பயிற்சி தொடங்கியுள்ளோம். மலைக்குளிரில் தொண்டை இறுகுவதால் நான்கு குரல்களையும் சேர்த்து அரைச்சுரம் இறக்கியிருக்கிறோம்.

பாஸ்கா ஞாயிற்றின் தொடர்பாடல் (அந்நாளுக்கே உரிய உயிர்ப்புப் புகழ்ப்பாடல்) கட்டாயமானது. அதைத் தமிழில், அல்லேலூயாவுக்கு முன் பாடுவோம். தூய ஆவியார் விழாவான பெந்தகோஸ்து வரை, காலை, நண்பகல், மாலை சொல்லும் மூவேளைச் செபத்திற்குப் பதிலாக வரும் ‘விண்ணக அரசியே’ என்னும் மரியன்னை பாடலுக்கு எளிய ஆர்கன் துணையை இப்போது எழுதி வருகிறேன்.