கைமாறிய நிறுவனமும் ஆனித் தேரோட்ட விடுமுறையும்

கேள்வி (பாளையங்கோட்டை):
நாற்பது பேர் வேலை பார்க்கும் எங்கள் மென்பொருள் நிறுவனத்தைச் சென்ற ஆண்டு பெங்களூரு நிறுவனம் ஒன்று வாங்கியது. சம்பளம் குறையவில்லை, யாரையும் வெளியே அனுப்பவும் இல்லை. ஆனால், வாடிக்கையாளர் காலையில் ஒரு பிழையைச் சொன்னால் நிறுவனரின் மேசையருகே நின்று பேசி மாலைக்குள் சரிசெய்து கொடுத்த நாங்கள், இன்று அதே வேலைக்கு மூன்று பேரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம். விடுமுறைப் பட்டியலும் அங்கிருந்தே வருகிறது. அதில் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் இல்லை. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விலகிவிடலாமா?

பதில் (தென்காசி):
தம்பி, வாங்கியது பங்குகளையா, தொழிலை மட்டுமா என்று முதலில் கேளுங்கள். பங்குகளை வாங்கியிருந்தால் உங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனம் சட்டப்படி அப்படியே இருக்கிறது, பணிக்காலமும் அறுபடாது. தொழிலை மட்டும் வாங்கியிருந்தால் புதிய பணி ஆணை தருவார்கள். பழைய பணிக்காலம் தொடரும் என்ற வரி அதில் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம். நிரந்தரப் பணியாளர் விலகும்போது பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும் என்பதால், இப்போது விலகினால் இழப்பு உங்களுக்குத்தான்.

பதில் (அம்பாசமுத்திரம், தற்போது சென்னை):
நானும் இதைக் கடந்து வந்தவள். நிரலை எழுதியவரே அதை வெளியிடக் கூடாது என்பது பெரிய நிறுவனங்களின் தணிக்கை விதி. அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு நான் வீணாக ஓராண்டு மனம் வெந்தேன். பிறகு, சிறு பிழைகளுக்கு ஒரே ஒப்புதல் போதும் என்று எழுதிக் கேட்டோம், கிடைத்தது. உண்மையான மாற்றம் நிறுவனர் வெளியேறும்போதுதான் வருகிறது. 2014-இல் வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் வாங்கியது. அதை நிறுவிய இருவரில் பிரையன் ஆக்டன் 2017-இலும் ஜான் கூம் 2018-இலும் விலகினார்கள். உங்கள் நிறுவனர் எத்தனை ஆண்டுகள் இருக்க ஒப்பந்தமிட்டிருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

தேரோட்டத்தை விட்டுவிடாதீர்கள். விடுமுறைகள் பற்றிய 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தருகிறது. அந்த ஐந்தும் எவை என்பதில் பணியாளர்களின் கருத்தையும் கேட்க வேண்டும்.

கேட்டவர்:
அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் நன்றி. வாங்கியது பங்குகளைத்தான் என்று கணக்குப் பிரிவில் உறுதிசெய்தார்கள். ஐந்தாண்டு முடியும்வரை இருக்கிறேன். தேரோட்டத்துக்கான கடிதத்தில் இதுவரை பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.