கூகுள்ல இருந்து வந்தா மட்டும் ரம்மி பக்கத்துக்குத் தாவுது (வேர்ட்பிரஸ்)

அரசலாறு:
நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடை ஒண்ணோட தளம். வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ், ஷேர்டு ஹோஸ்டிங், சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற பக்கம்) இருக்கு. போன்ல கூகுள்ல தேடி வர்ற இணைப்பைத் தட்டினா, கடை முகப்பு ஒரு நொடி தெரிஞ்சிட்டு ரம்மி விளம்பரத்துக்குப் போயிடுது. முகவரியை நேரா அடிச்சா சரியா வருது, கணினியிலயும் சரி. அதே போன்ல ரெண்டாவது தடவை தட்டினா தாவல. கடை வைஃபை, மொபைல் டேட்டா ரெண்டுலயும் இதே கதைதான். ஸ்கேனர் பிளகின் சுத்தம்ங்குது. கார்த்திகை ஆர்டர் வர்ற நேரம். தளத்தை நிறுத்தாம சரி பண்ண முடியுமா?

வெண்ணாறு:
மொபைல் டேட்டாவுலயும் வருதுன்னா ரவுட்டர், டிஎன்எஸ் பக்கம் போக வேண்டாம். சர்வர்லதான் கோளாறு. ரெஃபரர் (எந்தத் தளத்துல இருந்து வர்றாங்க) கூகுளா, யூசர் ஏஜென்ட் (எந்தக் கருவி, பிரவுசர்) மொபைலான்னு பார்த்து ஒரு தடவை தள்ளிட்டு, திரும்பத் தள்ளாம இருக்க குக்கீ போட்டு வச்சிடும். லாகின் ஆன அட்மினுக்குக் காட்டவே காட்டாது. ஓனர் கண்ணுல படக் கூடாதுங்கிறதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடு. அதனால ஒவ்வொரு சோதனைக்கும் புது இன்காக்னிட்டோ திறங்க.

கர்ல் (கட்டளை வரியில பக்கத்தை இறக்கிற கருவி) கட்டளையில ஆண்ட்ராய்டு குரோம் யூசர் ஏஜென்ட்டும் கூகுள் ரெஃபரரும் கொடுத்து முகப்பை இழுங்க. வேற முகவரிக்குப் போன்னு சொல்ற 301 இல்ல 302 வந்து லொகேஷன் ஹெடர்ல வேற டொமைன் இருந்தா எச்டிஆக்சஸ் (சர்வர் அமைப்புக் கோப்பு) அல்லது பிஎச்பி வேலை. 200 வந்து பக்கம் முழுசா இறங்கினா ஜாவாஸ்கிரிப்ட். முகப்பு ஒரு நொடி தெரியுதுங்கிறதால ரெண்டாவதுன்னுதான் தோணுது. இறங்கின எச்டிஎம்எல்ல தெரியாத டொமைன் ஸ்கிரிப்ட், மறைச்சு எழுதின கோடை விரிக்கிற ஃப்ரம்-சார்-கோட் (fromCharCode), ஏடூபி (atob) இதெல்லாம் தேடுங்க.

நிறுத்தாம முடியுமான்னா முடியும், ஆனா செய்யாதீங்க. இந்த ஸ்கிரிப்டை நுழைச்சவனுக்கு செக்அவுட் பக்கத்துல கார்டு நம்பர் திருடுற ஸ்கிரிப்டை நுழைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சிபேனல் டைரக்டரி பிரைவசியில பாஸ்வேர்டு போட்டு மூடிட்டு, ரெண்டு நாளைக்கு ஆர்டரை வாட்ஸ்அப்ல வாங்கச் சொல்லுங்க. எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி ஃபைல், டேட்டாபேஸ், ஆக்சஸ் லாக் மூணையும் இறக்கி வச்சுக்கோங்க. லாக் ரொம்ப நாள் தங்காது.

குடமுருட்டி:
ஃபைல் மேனேஜர் செட்டிங்ஸ்ல மறைந்த கோப்புகளைக் காட்டுன்னு டிக் போட்டுட்டுப் பாருங்க. எச்டிஆக்சஸ், ரூட்ல (தளத்தோட மேல் ஃபோல்டர்ல) இருக்கிற இண்டெக்ஸ், டபிள்யூபி-கான்ஃபிக், தீமோட ஃபங்ஷன்ஸ், ஹெடர், அப்புறம் எம்யூ-பிளகின்ஸ் (mu-plugins) ஃபோல்டர். இந்தக் கடைசி ஃபோல்டரை முக்கியமா பாருங்க. அதுல இருக்கிறதெல்லாம் ஆக்டிவேட் பண்ணாமலே ஓடும், சாதாரண பிளகின் பட்டியல்லயும் சேராது.

கோப்பைத் திறந்து மேலோட்டமா பார்த்தா ஏமாந்துடுவீங்க. முதல் வரியில நூத்துக்கணக்குல ஸ்பேஸ் விட்டு, திரைக்கு வெளியே வலது கோடியில இவால், பேஸ்64 டீகோட்னு ஒளிச்சு வச்ச கோடை ஓட்டுற கட்டளைகளை எழுதி வச்சிருப்பாங்க. நீள வரியை மடிச்சுக் காட்டுற வேர்டு ராப் போட்டுக்கோங்க. அப்லோட்ஸ் ஃபோல்டர்ல பிஎச்பி கோப்பு கிடந்தா சந்தேகப்படுங்க. ஐகான் கோப்பு மாதிரி பேர் வச்சு உள்ளே பிஎச்பி இருக்கிறதும் உண்டு. டேட்டாபேஸ்ல ஆப்ஷன்ஸ் டேபிள்ல சைட்யூஆர்எல், ஹோம் ரெண்டும் உங்க முகவரிதானா? போஸ்ட்ஸ் டேபிள்ல ஸ்கிரிப்ட் டேக் இருக்கா?

அரசலாறு:
நன்றி சார். மூடியாச்சு. எம்யூ-பிளகின்ஸ்ல கடையில யாரும் வைக்காத கோப்பு ஒண்ணு இருக்கு, வலது கோடி சமாச்சாரமும் அப்படியே இருக்கு. அழிச்சா ஒரு நிமிஷத்துல திரும்ப முளைக்குது.

வெண்ணாறு:
அது திரும்பத் திரும்ப எழுதப்படுது. உடைப்பை அடைக்காம வயல்ல நின்னு தண்ணி இறைக்கிற மாதிரி ஆயிடும், வரிசையை மாத்தாதீங்க. முதல்ல சிபேனல் கிரான் ஜாப்ஸ்ல (நேரம் வச்சுத் தானா ஓடுற வேலைகள்) தெரியாத வரியை எடுங்க. வேர்ட்பிரஸ்ஸோட சொந்த கிரான்லயும் பாருங்க. ஓடிக்கிட்டிருக்கிற பிஎச்பி பிராசஸை நிறுத்தணும், உங்களுக்கு அனுமதி இல்லன்னா ஹோஸ்டிங்காரங்ககிட்ட சொன்னா செய்வாங்க. அப்புறம்தான் அந்தக் கோப்பை அழிக்கணும்.

அடுத்து டபிள்யூபி-அட்மின், டபிள்யூபி-இன்க்ளூட்ஸ் ரெண்டையும் முழுசா அழிச்சிட்டு அதே வெர்ஷனைப் புதுசா ஏத்துங்க. மேலேயே ஏத்தினா அவன் கூடுதலா வச்ச கோப்பு அப்படியே தங்கிடும். ரூட்ல இருக்கிற கோர் கோப்புகளையும் மாத்துங்க. பிளகின், தீம் எல்லாம் மூல இடத்துல இருந்து புதுசா. காசு கொடுக்காம எங்கேயோ இறக்கின பிரீமியம் தீம் இருந்தா, ஓட்டையே அதுவா இருக்கலாம். யூசர்ஸை அட்மின் திரையில மட்டும் பார்க்காம டேட்டாபேஸ் டேபிள்லயே பாருங்க, ஒளிச்சு வச்ச அட்மின் திரையில வராது. பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற சுத்தமான கணினியில இருந்து மாத்துங்க. டபிள்யூபி-கான்ஃபிக்ல எட்டு சால்ட்டையும் (லாகின் குக்கீயைப் பாதுகாக்கிற ரகசியச் சாவிகள்) மாத்தினாதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் லாகின் அறுபடும். அதே அக்கவுண்ட்ல வேற தளம் ஏதாவது இருந்தா அதையும் சுத்தம் பண்ணணும், இல்லன்னா அங்கிருந்து திரும்பிடும்.

குடமுருட்டி:
பழைய பேக்கப்பை நம்பி ரிஸ்டோர் பண்ணாதீங்க, எப்போ நுழைஞ்சான்னு லாக் பார்த்துட்டுத்தான். கேஷ் பிளகின், சிடிஎன் கேஷ் (பக்கத்தோட சேமிச்சு வச்ச நகல்கள்) ரெண்டையும் காலி பண்ணிட்டு, தளத்துக்குப் போட்ட பாஸ்வேர்டு பூட்டை எடுத்துட்டு சோதிங்க. கூகுள் சர்ச் கன்சோல்ல செக்யூரிட்டி இஷ்யூஸ்ல எச்சரிக்கை இருந்தா, சரி பண்ணின பிறகு ரிவ்யூ கேளுங்க. அங்கேயே யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸ்ல தெரியாத ஓனர் இருந்தா நீக்குங்க, அவன் ரூட்ல போட்ட வெரிஃபிகேஷன் எச்டிஎம்எல் கோப்பையும் எடுத்துடுங்க. கோப்பு இருந்தா திரும்ப ஓனர் ஆயிடுவான். வாடிக்கையாளர் யாருக்காவது பணம் போயிருந்தா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு கூப்பிடச் சொல்லுங்க.