ஹேண்டில்பார் புஷ்: ரப்பரா, பாலியூரிதேனா?

தண்டையார்பேட்டை தம்பி:
அண்ணே, பழைய 350 சிசி பைக், ஹேண்டில்பாரைப் புடிக்கிற கிளாம்புக்கு கீழ அதிர்வைத் தாங்குற ரப்பர் புஷ் நசுங்கி ஹேண்டில்பார் முன்ன பின்ன ஆடுது, டெய்லி எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி நடுவுல தான் ஓட்டுறேன், ரப்பரே போடவா இல்ல ரப்பர் மாதிரி இருக்குற கெட்டி பிளாஸ்டிக், பாலியூரிதேனா, அலுமினியம்னும் ஒருத்தர் சொல்றாரு

காசிமேடு ரைடர்:
அலுமினியம் வேணாம்பா. ஆட்டம் நிக்கும், ஆனா அதிர்வு மொத்தமும் கைக்கு வந்துரும், ஒத்த சிலிண்டர் வண்டில விரல் மரத்துப் போகும். பாலியூரிதேன் ரப்பரை விட டைட்டு, ஆயிலும் தாங்கும். நம்ம ரோட்டு குழிக்கு என் ஓட்டு ரப்பருக்கு தான்

வியாசை மாமா:
மொதல்ல ஆடுறது புஷ் தானான்னு பாரு நைனா. முன்வீலைத் தூக்கி ஃபோர்க்கை கீழ புடிச்சு ஆட்டு, டக்டக்னா கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) லூஸு. மாத்துனா ரெண்டு பக்கமும் மாத்து, கிரீஸ் தடவாத, ரப்பர் உப்பிடும், சோப்புத் தண்ணி போதும்

தண்டையார்பேட்டை தம்பி:
கோன் செட் ஓகே மாமா. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல பழசு தேடவா?

வியாசை மாமா:
ரப்பர்ல பழசா? புதுசே வாங்குடா