180 பேர் கொண்ட தொழிற்சாலைக்குத் திட்ட மேலாண்மை மென்பொருள்: எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே வடிவமைக்கும் இயந்திரம், தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் திட்டப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். டிசைன், பர்ச்சேஸ், அசெம்பிளி, வாடிக்கையாளர் இடத்தில் இயந்திரத்தை நிறுவும் குழு என எல்லாம் சேர்த்து 180 பேர் இருக்கிறோம். எந்த நேரத்திலும் பத்துப் பன்னிரண்டு ஆர்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். இதுவரை எக்செல் கோப்புகளையும் வாட்ஸ்அப் குழுக்களையும் நம்பியே காலம் ஓடிவிட்டது.

சென்ற மாதம் ஒரு பேஸ் பிரேமில் நான்கு துளைகளின் இடத்தை டிசைன் பிரிவு மாற்றியது. மாற்றிய வரைபடம் எங்கள் குழுவில் வந்துவிட்டது. வெல்டிங் செய்துகொண்டிருந்த வெண்டரின் கையில் இருந்ததோ பழைய வரைபடம். பிரேமைத் திரும்ப எடுத்துவந்து, துளைகளை அடைத்து, மறுபடி துளையிட ஒன்பது நாள் போயிற்று. அதன்பின் மென்பொருள் வாங்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. ஜிரா, ஜோஹோ புராஜெக்ட்ஸ், மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளும் ஓப்பன்புராஜெக்ட் ஆகிய பெயர்கள் பேச்சில் அடிபடுகின்றன. பயன்படுத்தியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

முதல் மறுமொழி

வணக்கம் ஐயா. காஸ்டிங் வராமல் மெஷினிங் தொடங்காது, மெஷினிங் முடியாமல் அசெம்பிளி தொடங்காது என்ற வரிசையில் நடப்பது உங்கள் வேலை. ஆகவே ஒரு வேலையின் தேதி தள்ளிப்போனால் அதைச் சார்ந்த மற்ற வேலைகளின் தேதிகளும் தாமாகவே நகர வேண்டும். எந்த வேலை தாமதமானால் டெலிவரி தேதியே தள்ளிப்போகும் என்பது கான்ட் சார்ட்டில் (வேலைகளை நாள்வாரியாகப் பட்டைகளாகக் காட்டும் அட்டவணையில்) பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஜிரா 2002இல் மென்பொருள் பிழைகளைப் பதிந்து பின்தொடர்வதற்காகப் பிறந்தது. மென்பொருள் குழுக்களுக்கு மிகவும் பொருந்தும். உங்கள் வேலைக்கு அதை வளைத்துக்கொள்ள நிறைய உழைக்க வேண்டியிருக்கும்.

மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்று விலை கேட்கும்போது எந்தப் பதிப்பு என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் இயங்கும் புராஜெக்ட் ஆன்லைன் சேவையை 2026 செப்டம்பர் 30ஆம் தேதியுடன் நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. கணினியில் நிறுவும் பதிப்பு அந்த அறிவிப்பில் சேராது.

இரண்டாம் மறுமொழி

நீங்கள் சொன்ன பிரேம் சம்பவத்தை இரண்டு முறை படித்தேன். அது கால அட்டவணையில் நேர்ந்த தவறு அன்று. எந்த வரைபடம் கடைசியானது என்பதற்கு ஒரே இடம் இல்லாததால் நேர்ந்தது. எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும், வரைபடம் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருந்தால் அடுத்த பிரேமுக்கும் இதே கதிதான். ரிவிஷன் எண்ணுடன் (எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் எண்ணுடன்) வரைபடம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், வெண்டரும் அங்கே வந்துதான் எடுக்க வேண்டும் என்ற விதியை முதலில் போடுங்கள். அதன்பின் வெண்டருக்கு எல்லை வகுத்த தனி நுழைவு தர முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேளுங்கள். என் கணிப்பில் உங்கள் தேர்வே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

சொந்த சர்வரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் ஆறு ஆண்டுகளாக ரெட்மைன் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவிப் பயன்படுத்துகிறோம். ஓப்பன்புராஜெக்ட்டும் அந்த வழியில் கிளைத்து வந்ததுதான். உரிமக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் அதைப் பராமரித்த இளைஞர் வேலையை விட்டுப் போன பிறகு பதினான்கு மாதம் ஒரு அப்டேட்டும் செய்யாமல் ஓட்டினோம். பேக்கப் எடுக்கும் வேலை எப்போதோ நின்றுபோயிருந்ததை டிஸ்க் பழுதான அன்றுதான் கண்டோம். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் நிரந்தரமாக இல்லையென்றால் இந்த வழியில் இறங்காதீர்கள்.

மூன்றாம் மறுமொழி

கிளவுடில், அதாவது விற்பவரின் சர்வரில், வைத்தாலும் பேக்கப் நம் பொறுப்புதான் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். 2022 ஏப்ரலில், ஜிராவைத் தயாரிக்கும் அட்லாசியன் நிறுவனத்தில் பராமரிப்புக்காக இயக்கிய ஒரு ஸ்கிரிப்ட், ஏறத்தாழ 775 வாடிக்கையாளர்களின் தளங்களைத் தவறுதலாக நீக்கிவிட்டது. சிலருக்குத் தளம் திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் வரை ஆயிற்று. ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், சோதனைக் கணக்கிலிருந்து எல்லாத் தரவையும், குறிப்பாக இணைப்புக் கோப்புகளை, வெளியே எடுத்துப் பாருங்கள். வேலைகளின் பட்டியல் மட்டும் எக்செல்லாக வந்து வரைபடங்கள் வராமல் போனால் அந்த எக்ஸ்போர்ட்டால் உங்களுக்குப் பயனில்லை.

வேலை நடக்கும் இடத்தில் இருக்கும் சூப்பர்வைசர்கள் தமிழில்தான் குறிப்பு எழுதுவார்கள். அந்தக் குறிப்பு தேடலில் கிடைக்கிறதா, பிடிஎஃப்பாக எடுத்தால் எழுத்து உடையாமல் வருகிறதா என்பதையும் பாருங்கள். விலையை ஒப்பிடும்போது ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் சந்தாவுடன் 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 180 பேருக்கும் முழு உரிமம் தேவைப்படாது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைபடத்தைப் பற்றி இரண்டாமவர் சொன்னது எங்கள் டிசைன் தலைமைக்கும் சரியாகப் பட்டது. திங்கள் முதல் வாட்ஸ்அப்பில் வரைபடம் அனுப்புவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஒருவரே இருப்பதால் ஓப்பன்புராஜெக்ட்டைச் சொந்தமாக நிறுவும் எண்ணத்தைக் கைவிடுகிறோம். ஜோஹோ புராஜெக்ட்ஸின் சோதனைக் கணக்கில், இப்போது டிசைனில் இருக்கும் ஒரே ஒரு ஆர்டரை முழுவதுமாக ஏற்றப்போகிறோம். பிரேம் செய்த அதே வெண்டருக்கும் நுழைவு கொடுத்து, அவர் தம் கைபேசியிலிருந்து சரியான ரிவிஷனை எடுக்கிறாரா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.