நொன்-இன்வேசிவ் காடியக் மெப்பிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

பேராதனையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இதயத்தின் மின்னோட்டத்தை உடலுக்குள் கருவி நுழைக்காமல் படமாக்கும் சோதனைக்கு, நாம் எழுதும் நோயாளர் கையேட்டு வரைவில் ‘ஊடுருவா இதய வரைபடமாக்கல்’ என்று இருக்கிறது. அதை மாற்றியே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

இந்தச் சோதனையில் வழக்கமாகச் சீ.ரி. ஸ்கேனும் உண்டு. இதயத்தின் மின்னலைகளை அளக்கும் 252 மின்வாய்கள் பதித்த மேலங்கியை நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டி, அதைக் கழற்றாமலே நோயாளரை ஸ்கேனுக்குள் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மின்வாயும் இதயச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது அந்த ஸ்கேனில்தான் தெரியும். எக்ஸ் கதிரை ‘ஊடுகதிர்’ என்றும் எழுதுகிறோம். ஊடுகதிர் பாயும் சோதனைக்கு ‘ஊடுருவா’ என்று பெயர் வைத்தால், கதிர் படாது என்றுதான் கர்ப்பிணி ஒருவர் எடுத்துக்கொள்வார்.

‘வரைபு’ ஈ.சி.ஜி.க்கு உரியது, நேரத்தோடு ஏறி இறங்கும் கோடு. இங்கே கிடைப்பதோ ஒரு பரப்பு. இதயத்தின் வெளிப்புறத்தில் எந்த இடம் எத்தனையாவது மில்லிசெக்கனில் தூண்டப்படுகிறது என்பதை நிறங்களால் காட்டும் முப்பரிமாணப் படம். தேசப்படம் படித்த பிள்ளைக்கு ‘படமாக்கல்’ தானாகவே விளங்கும்.

என் முன்மொழிவு: மேனிவழி இதய மின்படமாக்கல்.

ஹட்டனிலிருந்து:

ஐயா, ‘மேனி’ கவிதைச் சொல் என்று சிலர் தட்டக்கூடும். ஆனால் மற்றவை அதைவிடச் சிக்கல். ‘தோல்வழி’ என்றால் தோலைத் துளைத்துச் செய்யும் சிகிச்சை என்று ஏற்கெனவே பொருள் கொள்கிறார்கள். ‘உடல்வழி’ என்றால், தொடையிடுக்கு நாளத்தால் கதீற்றர் என்ற மெல்லிய குழாயை ஏற்றுவதும் உடல்வழிதானே? மேனி இருக்கட்டும்.

இந்தச் சோதனை செய்யப்படும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற இதயத் துடிப்புக் கோளாறுக்குச் ‘சோணையறைக் குறுநடுக்கம்’ சரி. நம் பாடநூலில் சோணையறை (இதயத்தின் மேலறை), இதயவறை (கீழறை), நாளம் (இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) என்றே இருப்பதால் ‘ஏட்ரியம்’, ‘சிரை’ வேண்டாம். ஆனால் வரைவில் ‘ஃப்ளட்டர்’ என்ற இன்னொரு துடிப்புக் கோளாறுக்குப் ‘படபடப்பு’ என்று போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் எந்த நெஞ்சுக் கோளாறுக்கும் ‘நெஞ்சு படபடங்குது’ என்றுதான் சொல்வார்கள். அது நோயாளி உணர்வது. நோயின் பெயராக முடியாது. ஃப்ளட்டரில் சோணையறை நிமிடத்துக்கு 300 தடவைபோல ஒழுங்காக அடிக்கும், குறுநடுக்கத்தில் ஒழுங்கே இராது. ‘சிறகடிப்பு’ என்றால் அந்த ஒழுங்கு சொல்லிலேயே வந்துவிடும்.

‘சுட்டெரிப்பு’ என்ற சொல்லும் பிழை, பயமுறுத்தவும் செய்கிறது. கோளாறான துடிப்பைத் தடுக்க இதயத் திசுவைச் சிறிதளவு அழிக்கும் அப்ளேஷன் சிகிச்சையை வெப்பத்தால் மட்டுமா செய்கிறார்கள்? குளிர்ந்த பலூனால் திசுவை உறையவைத்தும் செய்கிறார்கள், மின்புலத் துடிப்பாலும் செய்கிறார்கள். குறுநடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகளில் பெரும்பாலானவை சுவாசப்பை நாளங்களிலிருந்து கிளம்புகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ குழு காட்டியது. அந்த நாள வாயைச் சுற்றி மின்னோட்டம் கடக்காத தழும்பு வளையம் போடுவதே நோக்கம். எந்த முறையானாலும் மிஞ்சுவது தழும்பு. ஆகவே ‘தழும்பிடல்’.

பேராதனையிலிருந்து:

தழும்பிடல் மிகப் பொருத்தம், அப்படியே எடுத்துக்கொள்வோம்.

கையேட்டில் குறைபாடுகளையும் எழுத வேண்டும். பெயர் நன்றாக அமைந்துவிட்டால் கருவியை அளவுக்கு மீறி நம்பிவிடுவார்கள். மேனியில் அளந்ததைக் கொண்டு இதயத்தில் நடப்பதைக் கணிப்பது ஒரு நேர்மாற்றுப் பிரசினம், அதாவது விளைவிலிருந்து காரணத்தைத் தேடும் கணக்கு. மேனியில் அளக்கும்போது நுழையும் சிறு மின் இரைச்சலும் இதயப் படத்தில் பெரிதாகிவிடும். குறுநடுக்க அலை பெரும்பாலும் 0.1 மில்லிவோல்ற்று அளவே. இதயவறையின் அலை அதைவிடப் பல மடங்கு பெரியது, சோணையறை அலையை மூடிவிடும். அதனால் ஈ.சி.ஜி.யில் இதயவறைத் துடிப்பின் கடைசி அலையான ரி முடிந்து, அடுத்த துடிப்பின் கியூ அலை தொடங்கும் வரையுள்ள இடைவெளியை மட்டுமே வெட்டி எடுக்கிறார்கள். துடிப்பு வேகமாக இருந்தால் அந்த இடைவெளி கிடைக்காது. டில்டியாசெம் என்ற மருந்தைக் கொடுத்து வேகத்தைக் குறைத்துப் பதிகிறார்கள்.

வியர்வையும் நெஞ்சு முடியும் மின்வாயை உரிக்கும். ஸ்கேனுக்குப் பிறகு மேலங்கி நகர்ந்தால் கணக்கு முழுவதும் பிசகும். எல்லாம் சரியாக அமைந்தாலும் இரு சோணையறைகளுக்கும் நடுவிலுள்ள பிரிசுவர் இந்தப் படத்தில் நேராகத் தெரியாது, ஏனென்றால் கணிப்பது இதயத்தின் வெளிப்பரப்பை மட்டும். படத்தில் தெரியும் மின்னலைச் சுழல்களில் சில, வடிகட்டும் கணக்கின் விளைவாகவும் இருக்கலாம். எனவே தழும்பிடும்போது உள்ளே கதீற்றரால் மீண்டும் அளக்கிறார்கள்.

ஹட்டனிலிருந்து:

அப்படியானால் அந்த இரண்டாவது அளவீட்டுக்குப் பெயர் ‘அகவழி இதய மின்படமாக்கல்’. இரண்டையும் கையேட்டின் ஒரே பக்கத்தில் போடுவோம். அதன் கீழ் தடித்த எழுத்தில் ஒரு வரி வேண்டும்: ‘மேனிவழிப் படம் சிகிச்சை அல்ல. படம் எடுத்தாயிற்று என்று வோபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.’ சோணையறையில் கட்டியான இரத்தம் மூளைக்குப் போனால் பாரிசவாதம் என்பதையும் அதற்கு அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுகிறேன்.